பழைய படங்களின் பின்பக்கத்தையும் அனுப்புங்கள்

அன்புள்ள சொந்தங்களுக்கு, வணக்கம்.

நம் குடும்ப மின்னஞ்சல் குழுவில் யாராவது பழைய படம் ஒன்றை அனுப்பினால் முதலில் வருவது "அருமை", அடுத்து வருவது "பின்வரிசையில் நிற்பவர் யார்?". இரண்டாவதற்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. பதில் தெரிந்த பெரியவர்களுக்கு மின்னஞ்சல் பழக்கமில்லை. ஆகவே ஸ்கேன் செய்வதைவிட அவசரமான வேலை பெயர்களைக் கேட்டு எழுதிவைப்பதுதான். ஸ்கேன் அடுத்த வருடமும் செய்துகொள்ளலாம்.

"அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். படத்தைக் கையில் கொடுத்து, "இந்தச் சட்டை யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். இரவல் வாங்கிய கதையில் ஆரம்பித்து, சட்டைக்காரரோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது வரைக்கும் போகும். போனில் பதிவு செய்யலாம், அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான்.

சரி, ஸ்கேன். கறுப்பு வெள்ளைப் படங்களில் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது, ஓரளவு தாங்கும். 1970, 80களின் கலர் படங்கள் சாயத்தால் ஆனவை, இருட்டுப் பெட்டிக்குள் இருந்தாலும் நிறம் போகும். அதனால் கலர் படங்களை முதலில் எடுங்கள். பசை அட்டையும் பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். பின்பக்கத்தை மறக்காதீர்கள்: ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ கிறுக்கிய ஒரு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். நீங்கள் பெயர் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

எனக்கென்னவோ போட்டோவைவிடப் புத்தகங்கள்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன. கேமரா முன்னால் எல்லோரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கிறோம். புத்தக ஓரத்தில் "சுத்தப் பொய்" என்று எழுதியவர் யாரும் பார்க்கப்போவதில்லை என்று நினைத்து எழுதியிருப்பார். கோபக்காரர் என்று மட்டுமே நாம் அறிந்த ஒரு தாத்தா, எந்தக் கவிதைக்கு அடிக்கோடு போட்டிருக்கிறார் என்று பார்த்தால் ஆளே வேறாகத் தெரிவார். முதல் பக்கத்துக் கையெழுத்து, பரிசளித்தவர் பெயர், உள்ளே செருகிய பஸ் டிக்கெட், பிரித்துப் படித்து மறந்துபோன கடிதம் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். அதே புத்தகம் நூலகத்தில் கிடைக்கும். இவையெல்லாம் அதில் இருக்காது. வீட்டைக் காலி செய்யும்போது எடைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் புரட்டிவிடுங்கள், தயவுசெய்து. செருகியிருந்த தாளைத் தனியாக எடுத்து வைத்தால், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்றும் குறித்துவையுங்கள்.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள், சேற்றில் கிடைத்த குடும்பப் படங்களைக் கழுவி உலர்த்திக் காட்சிக்கு வைத்தார்கள். வந்தவர்கள் தங்களுடையதைத் தேடி எடுத்துப் போனார்கள். நம்மிடம் சேறு இல்லை, பெயர்தான் இல்லை. ஆளாளுக்கு வேறு நாட்டில் இருப்பது இதற்கு வசதிதான்: ஒரு வீட்டில் தெரியாத முகம் இன்னொரு வீட்டு ஆல்பத்தில் பெயரோடு இருக்கலாம்.

ஆகவே பெயர் தெரியாத படங்களைத்தான் முதலில் அனுப்பச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். பதில் எழுதுபவர்கள் உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்து எழுதுங்கள். ஊகம் இரண்டு தடவை பகிரப்பட்டால் வரலாறு ஆகிவிடுகிறது. உயிரோடு இருப்பவர்கள் படத்தில் இருந்தால் அவர்களைக் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும். எண் போடுவதில் குழப்பம் என்றால் எனக்குத் தனி மடல் போடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்