கொடைக்கானலுக்கு மின்சாரக் காரில் வருகிறோம், மேலே சார்ஜ் போட இடம் கிடைக்குமா?

மதுரைவாசி:
வணக்கம். டிசம்பர் விடுமுறையில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் வருகிறேன். வண்டி நெக்ஸான் ஈவி, 30 யூனிட் பேட்டரி. இங்கிருந்து 120 கி.மீ.க்குள்தான், ஏறிவிடும். மேலே போன பிறகு என்ன செய்வது என்பதுதான் பயம். அம்மாவுக்குக் கொடைக்கானலைத் தாண்டி இருக்கும் மன்னவனூர் கிராமத்தைப் பார்க்க ஆசை. செயலியில் காட்டும் சார்ஜரை நம்பி வரலாமா?

திண்டுக்கல் நண்பர்:
இதே வண்டியில் நாலு பேர் போய்வந்தோம். பேட்டரி மதுரையில் 100 சதவீதம், மலையடிவார வத்தலக்குண்டில் 74, கொடையில் 22. மலையேறும் காட் ரோடு பாதி பேட்டரியைக் குடித்துவிடும். 1,800 மீட்டருக்கு மேல் வண்டியைத் தூக்க வேண்டுமே! செயலியில் பச்சையாகக் காட்டிய இடத்துக்கு நேரே போனோம். கரன்ட் இல்லை, இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள்.

நாயுடுபுரம் அக்கா:
தம்பி, நான் இங்கே கொடைக்கானலில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறேன். போன வருஷம் ஒரு குடும்பம் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து சார்ஜ் போட்டார்கள். நடுராத்திரியில் ரப்பர் கருகுகிற வாடை. எழுந்து போய்ப் பார்த்தால் பிளக் உருகி சாக்கெட்டோடு ஒட்டிக்கிடந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது, உள்ளே சின்னக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மீட்டர் பெட்டியிலிருந்து தனியாகத் தடிமனான நாலு ஸ்கொயர் வயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டும், கரன்ட் அதிகமானால் தானே துண்டிக்கும் பிரேக்கர் ஒன்றும் அதற்கென்று போட்டேன். அப்போதும் சார்ஜரில் சிவப்பு விளக்குதான். எர்த் சரியில்லையாம். பாறை மண்ணில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பச்சை வந்தது.

ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் விடிவதற்குள் இருபது யூனிட் வரை ஏறிவிடும். இங்கே வருகிறவர்கள் எப்படியும் ஒரு ராத்திரி தங்குகிறார்கள். அதனால் ஊருக்குள் பெரிய சார்ஜர் நாலு வருவதைவிட, லாட்ஜுக்கு இரண்டு நல்ல சாக்கெட் இருந்தாலே போதும் என்பேன். சீசனில் ஏரியைச் சுற்றி வண்டிகள் நகராமல் நிற்கும்போது அந்தப் புகையை மூச்சில் இழுப்பவள் நான். உங்களைப் போன்றவர்கள் நிம்மதியாக வந்துபோக வேண்டும்.

அறை எடுக்குமுன் 'சார்ஜிங் இருக்கா' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் இருக்கு என்பார்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டா, எர்த் இருக்கிறதா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை அடி என்று கேளுங்கள். முடிந்தால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

மன்னவனூர் போகவர 70 கி.மீ. வரும். முதல் நாள் ராத்திரி நிரப்பிக்கொண்டு மறுநாள் காலையில் போங்கள்.

திண்டுக்கல் நண்பர்:
அக்கா சொல்வது சரி. அப்புறம் ஒன்று, ஊருக்குத் திரும்பும் நாளில் மேலே 100 வரை ஏற்றாதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் மோட்டாரிலிருந்து திரும்பக் கிடைக்கும் சார்ஜை அது வாங்காது, பிரேக்கை மிதித்தே இறங்க வேண்டிவரும். நாங்கள் 85-இல் கிளம்பினோம், வத்தலக்குண்டில் 84 இருந்தது.

மதுரைவாசி:
ரொம்ப நன்றி அக்கா. பார்த்து வைத்த லாட்ஜில் விசாரித்தேன், சாக்கெட் வரவேற்பறைக்குள் இருக்கிறதாம். உங்களிடமே தங்க முடியுமா? என் சார்ஜர் வயர் ஐந்து மீட்டர்.

நாயுடுபுரம் அக்கா:
தாராளமாக வாருங்கள். சமையலறை ஜன்னல் ஓரம் நிறுத்தினால் எட்டும். தேதியை மட்டும் முன்னாடியே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு வேறு வண்டிக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.