ட்வெய்ரா சுவரும் இடுக்குகளும்: கடலடியில் உங்களுக்கு எதிர்ப்பட்டது எது?

மால்டாவின் கோசோ தீவில் டைவ் செய்தவர்கள் நம்மில் ஐந்தாறு பேராவது இருப்பீர்கள். அங்கே கண்டதை எழுதுங்கள். பார்த்த மீன்களின் பட்டியல் வேண்டாம். எதன் முன்னால் அசையாமல் நின்றீர்களோ, அதை மட்டும் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

போன அக்டோபரில் ஐந்து நாள் போயிருந்தேன். அதுவரை அந்தமானில்தான் பழக்கம். பவளத்திட்டில் இறங்கினால் நிறமும் கூட்டமுமாகக் கண் நிறைந்துவிடும் அல்லவா, அதே நினைப்பில் கோசோவின் மேற்குக் கரையிலுள்ள ட்வெய்ராவுக்குப் போனேன். அங்குள்ள ப்ளூ ஹோல் என்பது கரைப்பாறைக்கு நடுவே இயற்கையாக அமைந்த கிணறு. சுமார் பத்து மீட்டர் அகலம். உள்ளே இறங்கி எட்டு மீட்டர் ஆழத்துக்குப் போனால் ஒரு பெரிய வாசல், அதற்கு அப்பால் திறந்த கடல். தண்ணீரின் தெளிவைச் சொல்லி முடியாது. முப்பது மீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தவர் காலில் மாட்டியிருந்த ஃபின்னின் நிறம் தெரிந்தது. கோசோ சுண்ணாம்புக்கல் தீவு, ஆறுகள் கிடையாது, கடலில் கலங்கலைக் கொண்டுவந்து சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தெளிவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பாறைச்சுவர். கரிய சிறு மீன்கள் கூட்டமாகத் தலைக்கு மேலே நின்றன, அவ்வளவுதான். இரண்டு டைவ் முடித்துக் கரையேறியபோது மனசு வாடிவிட்டது.

எங்களை அழைத்துப் போனவர் ஐம்பது வயது தாண்டிய உள்ளூர்ப் பெண்மணி. மூன்றாம் நாள் காலையில், "இன்று நீந்த வேண்டாம், நிற்கலாம்" என்றார். கோரல் கார்டன்ஸ் என்று அவர்கள் சொல்லும் பகுதியில், பெரிய பாறைகளுக்கு இடையே ஒரு ஆள் நுழையும் அளவு இடுக்கு. ஆழம் பன்னிரண்டு மீட்டர் இருக்கும். உள்ளே போய், மேலேறாமலும் மூழ்காமலும் மிதப்பைச் சரிசெய்து கொண்டு சும்மா நின்றோம். டார்ச்சைப் போட்டார். சாம்பல் என்று நான் நினைத்திருந்த பாறை முழுக்க ஆரஞ்சு நிறப் பவளம். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் தின்னும், வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோகாதவனுக்கு அந்த நிறங்கள் இல்லை.

ஐந்து நிமிடம் கழித்து இடுக்கின் கோடியில் நிழல் போலக் கிடந்த ஒன்று நகர்ந்தது. களவா மீன். ஒரு மீட்டருக்குக் குறையாது. பழுப்பு உடம்பில் வெளிறிய திட்டுகள். கண் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது, பிறகு உடம்பு. கையெட்டும் தூரத்துக்கு வந்து, வாயை மெல்லத் திறந்து மூடி, என் மாஸ்க்கையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் மூச்சைக் குறைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று ஒரே வீச்சில் திரும்பியது. அந்த வாலடி நெஞ்சில் வந்து மோதியதை இன்றும் உணர முடிகிறது. இந்தக் களவா இனம் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பிறகு ஆணாக மாறும் என்று கரையேறியபின் அந்த அம்மா சொன்னார். அப்படிப் பார்த்தால் எங்கள் முன் நின்றது பல ஆண்டு கடலைக் கண்ட கிழவர்.

* * *

அண்ணா, வணக்கம். நாகர்கோவில்காரி, மால்டாவில் நர்ஸாக வேலை. நீங்கள் இடுக்கு என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் கதையும் ஓர் இடுக்கில்தான்.

சிர்க்கேவ்வாவிலிருந்து ஃபெர்ரி ஏறினால் அரை மணிக்குள் கோசோ. இரவுப் பணி முடிந்து இரண்டு நாள் விடுப்பு சேர்ந்தால் போய்விடுவேன். எனக்குப் பிடித்தது வீட் இல் ஆஸ்ரி. மால்டீஸில் 'வீட்' என்றால் பள்ளத்தாக்கு, அரபியின் 'வாதி'யோடு உறவுள்ள சொல். இரு பக்கமும் பாறை செங்குத்தாக நிற்க, நடுவில் கடல் ஒரு கயிறு போல உள்ளே வந்திருக்கும். சிலிண்டரோடு ஏறத்தாழ நூறு படி இறங்க வேண்டும். திரும்ப ஏறும்போதுதான் அந்தப் படிகளின் கணக்கு தெரியும்.

போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில் அந்த ஓடையின் வாய்ப்பக்கம் ஒரு பொந்தில் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ஒன்றைப் பார்த்தேன். வாசலில் கற்களை அடுக்கி அடைத்து வைத்திருந்தது. ஒரு கண் மட்டும் வெளியே. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது உள்ளே கூரையிலிருந்து முட்டைகள் சரம் சரமாகத் தொங்கின. ஒவ்வொன்றும் அரிசியைவிடச் சின்னது, வெள்ளை. கட்டி வைத்த மல்லிகைச் சரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல. அது தன் கைகளால் அவற்றைத் தடவிக்கொண்டே இருந்தது, தண்ணீரை ஊதி ஊதி அலசியது.

இரண்டு வாரம் கழித்துப் போனேன், அதே இடம், அதே வேலை. உடம்பு மட்டும் மெலிந்து நிறம் மங்கியிருந்தது. முட்டையிட்ட தாய்க்கணவாய் இரை எடுப்பதில்லை. குஞ்சுகள் வெளியேறும்வரை காவல் இருந்துவிட்டு இறந்துபோகும். அது தெரிந்துதான் போனேன், ஆனாலும் அந்தக் கண்ணைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. மூச்சுக் கருவியான ரெகுலேட்டர் வாயில் இருக்கும்போது அழக்கூடாது, மூச்சு கெட்டுவிடும். செப்டம்பர் கடைசியில் போனபோது கற்கள் சரிந்து கிடந்தன. கூரையில் வெறும் தோல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே யாருமில்லை. குஞ்சுகள் போய்விட்டன என்று அர்த்தம். வேலையில் எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பொந்து வாசலில் இருந்த பத்து நிமிடத்தையும் அந்த இரவுகளோடுதான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. வடமேற்கிலிருந்து வீசும் மயிஸ்ட்ரால் காற்று அடிக்கும் நாளில் ட்வெய்ராவும் ஆஸ்ரியும் வேண்டவே வேண்டாம். ஓடைக்குள் அலை வந்து மோதித் திரும்பும்போது பாறையில் ஏறவே விடாது. அன்று தெற்குப் பக்கம் இம்ஜார் இஷ் ஷினி போன்ற ஒதுக்கமான குடாவுக்குப் போகலாம். எங்கள் ஊர்க் கடலில் வாடை, கொண்டல், கச்சான் என்று பார்த்துத்தான் வள்ளம் இறக்குவார்கள். இங்கேயும் டைவ் மையத்தில் காலையில் முதல் பேச்சு காற்றைப் பற்றித்தான்.

* * *

அக்கா எழுதினதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல. நான் சொல்லப்போறது வேற மாதிரி, ஆனா சொல்லியே ஆகணும்.

ரெக்கா பாயிண்ட்னு கோசோவோட வடக்குப் பக்கம் ஒரு முனை. அங்க சுவர் நேரா ஐம்பது மீட்டருக்கும் கீழ போகுது. எனக்கு முப்பது மீட்டர் வரைக்கும்தான் பயிற்சி. இருபத்தஞ்சுல சுவரை ஒட்டிப் போயிட்டிருந்தோம். வெளிப்பக்கம் நீலத்துல ஏதோ மின்னுச்சு. சீலா மீன் கூட்டம். இருநூறு இருக்கும். எல்லாம் ஒரே திசையில தலையை வச்சு, வெயில் பட்ட பக்கம் வெள்ளிக் கம்பி மாதிரி நின்னுச்சு. நான் மெதுவா அதுக்குப் பக்கத்துல போனேன். அது வட்டமா என்னைச் சுத்த ஆரம்பிச்சுது. நடுவுல நான். அப்படி ஒரு அமைதி எனக்கு வாழ்க்கையில வந்ததே இல்ல.

சிலிண்டர்ல தட்டுற சத்தம் கேட்டுத் திரும்பினா, வழிகாட்டி எனக்கு மேல, ரொம்ப மேல இருந்தார். ஆழம் காட்டுற டைவ் கம்ப்யூட்டரைப் பாத்தா 37 மீட்டர். தரையும் இல்ல, சுவரும் தள்ளிப் போயிடுச்சு, எல்லாப் பக்கமும் ஒரே நீலம். இறங்குறோம்னு கண்ணுக்குத் தெரியவே இல்ல. சிலிண்டர்ல காத்து 80 பார் அழுத்தம்தான் மிச்சம். மெதுவா ஏறி, அஞ்சு மீட்டர்ல நிறுத்திக் காத்திருந்து, 40 பாரோட வெளிய வந்தேன். வழிகாட்டி திட்டல. "அழகா இருக்கிற இடத்துலதான் ஆழத்தைப் பாக்கணும்"னு மட்டும் சொன்னார். அந்தச் சீலாக்கூட்டம் கனவுல இப்பவும் வருது. கூடவே அந்த 37-ம் வருது. சுவர்ல டைவ் பண்ணப் போறவங்க தயவுசெஞ்சு இதை மனசுல வச்சுக்கோங்க.

* * *

தம்பி மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. புதுச்சேரியில் பன்னிரண்டு வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறேன். நம் கரையில் பத்து மீட்டர் தெரிந்தாலே நல்ல நாள். அதனால் தரை எங்கே என்று கண் தேடிக்கொண்டே இருக்கும், ஆழம் தானாகவே நினைவில் இருக்கும். மத்தியதரைக் கடலின் தெளிவு அந்தப் பழக்கத்தைக் கலைத்துவிடும். முப்பது மீட்டரில் சுற்றியுள்ள அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று போகும். 80 பார் மேலே இருக்கும்போது நிறைய, கீழே இருக்கும்போது சில நிமிடம். சுவரில் இறங்கினால் ஒரு கையாவது சுவர்ப்பக்கம் இருக்கட்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கண் கம்ப்யூட்டருக்குப் போகட்டும்.

இங்கிருந்து போகிறவர்கள் மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் எடையையும் சரிபார்க்க வேண்டும். அந்தக் கடலில் லிட்டருக்கு 38 கிராம் அளவுக்கு உப்பு, வங்கக்கடலைவிடக் கூடுதல். உடம்பு மேலே தூக்கும். குளிருக்குப் போடும் தடித்த வெட்சூட் உடையும் தூக்கும். ஆனால் அங்கே கொடுப்பது பெரும்பாலும் எஃகு சிலிண்டர், நாம் பழகிய அலுமினியத்தைப் போல காலியாகும்போது மிதக்காது. ஒன்று கூட்டும், ஒன்று கழிக்கும். அதனால் ஊரில் போட்ட எடைக் கணக்கை அப்படியே கொண்டுபோகாமல் முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எதிர்ப்பட்டது மிகச் சிறியது. ப்ளூ ஹோலின் அடியில் ஒரு குகை உண்டு, பலர் அதை விட்டுவிட்டு வாசல் வழியே வெளியே ஓடிவிடுவார்கள். அதன் கூரையோரம் விரல் நீளச் செந்நிற மீன்கள் இருட்டில் நிற்கும். ஒன்றுக்கு மட்டும் தாடை வீங்கியிருந்தது. உற்றுப் பார்த்தால் வாய் நிறைய முட்டை. அந்த இனத்தில் முட்டையை வாயில் வைத்துக் காப்பது ஆண் மீன். பொரியும்வரை சாப்பாடு கிடையாது. அவ்வப்போது வாயைத் திறந்து முட்டைகளைப் புரட்டி மறுபடி மூடும். டார்ச்சை அணைத்துவிட்டு வாசலின் நீல வெளிச்சத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அம்மா சொன்ன தாய்க்கணவாய்க்கு இந்தத் தகப்பனையும் துணையாக வைக்கிறேன்.

* * *

நான் 2016 ஜூனில் ட்வெய்ராவுக்குப் போனபோது அசூர் விண்டோ நின்றுகொண்டிருந்தது. கடலுக்குள் கால் ஊன்றிய கல் வளைவு. அதன் கீழே நீந்தி, மல்லாந்து பார்த்தேன். வளைவின் அடிப்பக்கம் அலை வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. 2017 மார்ச் 8 காலையில் புயலில் அது விழுந்துவிட்டது. செய்தியைப் படித்தபோது வீட்டில் ஒருவர் போய்விட்டது போல இருந்தது.

2019 செப்டம்பரில் திரும்பப் போனேன். ப்ளூ ஹோல் வாசலைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் அந்தக் கல் முழுக்க அங்கேதான் கிடக்கிறது. வீடு வீடாக உடைந்த பாறைகள். மற்றச் சுவரெல்லாம் பாசி மூடிக் கரும்பழுப்பாக இருக்க, இவற்றின் உடைந்த முகம் இன்னும் வெளிறியே இருந்தது. விளிம்புகள் கூர். நான் மேலே பார்த்த கல் எது என்று தேடினேன், எப்படித் தெரியும்? ஒரு பெரிய துண்டின் மேல் கையை வைக்கப் போனேன். அதற்கும் பக்கத்துப் பாறைக்கும் நடுவே உள்ள பிளவில் நீலப் பொறிகள் போல நூற்றுக்கணக்கில் குஞ்சு மீன்கள். முதலில் பேசிய நண்பர் கரிய சிறு மீன்கள் என்றாரே, அவற்றின் குஞ்சுகள்தான். குஞ்சாக இருக்கும்போது மின்சார நீலம், வளர வளரக் கறுத்துவிடும். இரண்டரை வருஷத்துக்கு முன் அந்தப் பிளவே கிடையாது. கையை எடுத்துக்கொண்டேன்.

* * *

என்னுடையது நாலு வரி. ட்வெய்ராவிலேயே உள்கடல் என்று ஒரு சிறு ஏரி போன்ற இடம். அங்கிருந்து சுமார் 80 மீட்டர் சுரங்கம் பாறைக்குள் போய்க் கடலில் திறக்கிறது. மேலே சுற்றுலாப் படகுகள் போகும், அதனால் கீழேயே ஒரு பக்கமாகப் போக வேண்டும், டார்ச் கட்டாயம். பதினாறு வயது மகளோடு போனேன். பாதியில் இருட்டு. பிறகு தூரத்தில் செங்குத்தாக ஒரு நீலக் கீற்று, போகப் போக அகன்றது. சுரங்கத்தின் வாசலில் அவள் நின்றுவிட்டாள். கீழே சுவர் இறங்கும் இடம். பின்னாலிருந்து பார்த்தேன், நீலத்தில் அவள் உருவம் மட்டும் கறுப்பாக. கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். எனக்கு எதிர்ப்பட்டது அதுதான்.

* * *

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கச்சி, ஆஸ்ரியின் அந்தப் பொந்து ஓடைவாயில் எந்தப் பக்கம் என்று தனியாக எழுதுங்கள், கற்களைத் தொடமாட்டேன்.

மே மாதம் மறுபடி போக டிக்கெட் எடுத்துவிட்டேன். தண்ணீர் அப்போது 18 டிகிரியை ஒட்டி இருக்கும், 7 மில்லிமீட்டர் வெட்சூட்டும் தலைக்கவசமும் வேண்டும் என்று அந்த வழிகாட்டி அம்மா சொல்லியிருக்கிறார். களவா இடத்தை எளிதில் மாற்றிக்கொள்வதில்லையாம், வருஷக்கணக்கில் அதே பாறையைச் சுற்றியே இருக்குமாம். முதல் நாள் காற்று ஒத்துவந்தால் அந்த இடுக்கில்தான் இறங்குகிறோம்.