சிக்னல் முழுசா காட்டுது, நெட் மட்டும் நகரல: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

தெற்கு ஆவணி மூல வீதி:
நகைக்கடை பஜாரை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. இந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்குப் புரியும், வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். கீழே கடை, மேலே பட்டறை, அதற்கு மேலே குடித்தனம். ரவுட்டர் வாசல் அறையில், கம்ப்யூட்டர் அடுத்த அறையில், நடுவே ஒரே ஒரு சுவர். சிக்னல் கோடுகள் எப்போதும் முழுசாகத்தான் இருக்கும். ஆனால் சாயங்காலம் ஆகிவிட்டால் நெட் இழுக்க ஆரம்பித்துவிடும். மருமகள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள். மீட்டிங்கில் அவள் குரல் விட்டு விட்டுப் போகும், பாவம். கம்பெனிக்குப் போன் போட்டால், "பெரிய பிளானுக்கு மாறிக்கோங்க சார்" என்பதுதான் பதில்.

பக்கத்து வீட்டுக்கு லைன் போட வந்த தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வேறு எதையும் தொடவில்லை. பையிலிருந்து நீள லேன் கேபிளை எடுத்து ரவுட்டரிலிருந்து நேரே சிபியுவில் செருகினார். எங்களுடையது 100 எம்பிபிஎஸ் பிளான், ஸ்பீடு டெஸ்ட் 94 காட்டியது. கேபிளை உருவிவிட்டு வைஃபையில் பார்த்தால் 7. "லைன் சுத்தமா இருக்குண்ணே. 300 பிளான் போட்டாலும் வைஃபையில இந்த ஏழுதான் வரும்" என்றார். நெட் மெதுவாக இருக்கிறது என்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான்: பிளானை மாற்றும் முன் வயரைச் செருகிப் பாருங்கள். கோளாறு ரவுட்டருக்கு அங்கிட்டா, இங்கிட்டா என்பது உடனே தெரிந்துவிடும்.

பிறகு தன் போனில் வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்து காட்டினார். சந்தில் இருக்கிற கடை, லாட்ஜ், வீடு அத்தனை பேரின் வைஃபையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கிடந்தன. எங்கள் வைஃபை ஓடியது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ரேடியோ அலைவரிசையில். அதில் சேனல்கள், அதாவது பாதைகள், 13 இருந்தாலும், ஒன்றோடொன்று மோதாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் அனுப்ப முடியும். பக்கத்து வீட்டு ரவுட்டர் பேசி முடிக்கும்வரை நம்முடையது காத்திருக்க வேண்டும். தேரோட்டத்தன்று மாசி வீதியில் பைக்கை எடுத்தால் எப்படி? வண்டியில் கோளாறு இல்லை, வழிதான் இல்லை. கோடு முழுசாக இருந்தும் நெட் நகராததற்கும், கடைகள் மும்முரமாகிற சாயங்காலத்தில் மோசமாவதற்கும் காரணம் இதுதான்.

5 கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசையில் இடம் தாராளம், அதற்கு மாறலாம் என்று பார்த்தால் கம்ப்யூட்டரின் லிஸ்ட்டில் அந்தப் பெயரே வரவில்லை. உள்ளே இருந்த பழைய வைஃபை கார்டு 2.4ஐ மட்டும்தான் பிடிக்கும். டவுன்ஹால் ரோட்டில் இரண்டு அலைவரிசையையும் பிடிக்கிற டூயல் பேண்ட் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டினோம். இப்போது சாயங்காலத்திலும் 80க்குக் குறைவதில்லை. வயரையே நிரந்தரமாகப் போடலாம்தான், ஆனால் அம்மா நடமாடுகிற வழியில் கேபிள் கிடப்பதில் எனக்குச் சம்மதமில்லை. 2.4லேயே இருக்கிற பழைய போன்களுக்காக மோதல் குறையட்டும் என்று ரவுட்டரில் சேனல் அகலத்தையும் 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20 ஆக்கிவிட்டுப் போனார் அந்தத் தம்பி. அவையும் இப்போது தடங்கலில்லாமல் ஓடுகின்றன.

திருநகர்:
எங்களுக்கு நேர்மாறுங்க. அக்கம்பக்கம் வைஃபை கூட்டம் கிடையாது, சுவர்தான் எதிரி. கீழ ரவுட்டர், மாடியில கம்ப்யூட்டர், நடுவுல கான்கிரீட் தளம், அதுபோக இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் இதையெல்லாம் தாண்டி வர ரொம்பத் திணறும். சிக்னலைப் பிடிச்சுத் திருப்பி அனுப்புற ரிப்பீட்டர் வாங்கச் சொன்னாங்க. ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், சிக்னலைப் பிடிக்கிறதுக்கும் அனுப்புறதுக்கும் அதே சேனலத்தான் பயன்படுத்தும், வேகம் பாதியாயிரும். அதனால கேட் 6 லேன் கேபிள் இழுத்து மாடியில தனியா ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வச்சோம், வயர்ல வர்ற நெட்டை அங்கேயே வைஃபையா கொடுக்கிற பெட்டி. புதுசா வீடு கட்டுறவங்க கரண்ட் பைப் பதிக்கும்போதே நெட் கேபிளுக்கும் தனி பைப் விட்ருங்க. பின்னாடி சுவரை உடைக்கிற வேலை மிச்சம்.

வில்லாபுரம்:
யுஎஸ்பி அடாப்டர் வச்சிருக்கிறவங்க இதைக் கவனிங்க. வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டினா மட்டும் என் கம்ப்யூட்டர்ல வைஃபை செத்துப்போகும். யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும்னு இன்டெல் 2012லேயே எழுதியிருக்காங்க. அடாப்டரை ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயர்ல மாட்டி டிஸ்க்கை விட்டுத் தள்ளி வச்சேன், சரியாயிடுச்சு.

சோழவந்தான் பக்கம்:
முதலில் எழுதிய ஐயா சொன்னபடி வயரைச் செருகிப் பார்த்தோம். வயரிலும் அதே மந்தம்தான். அப்படியானால் லைன் கோளாறு. ஃபைபர் பெட்டியின் செட்டிங் பக்கத்தில் உள்ளே வரும் ஒளியின் பலம் டிபிஎம் என்ற அலகில் இருக்கும். மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி பலவீனம். எங்களுக்கு மைனஸ் 28 என்று இருந்தது. வழக்கமான பெட்டிகளுக்கு மைனஸ் 27க்குக் கீழே போனால் ஆபத்து. அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்ததும் ஆள் வந்தார். கட்டிலுக்குப் பின்னால் ஃபைபர் நெருக்கி மடங்கியிருந்தது. அந்த இடத்தை வெட்டி மறுபடி ஒட்டினார், மைனஸ் 21 ஆனது. "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தால் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி வைத்திருப்பார்கள்.

மேலூர்:
எனக்கும் 100 பிளான்தான். வயரிலேயே ஃபைல் இறங்கும்போது 11தான் காட்டுது. ஏமாத்துறாங்களா?

தெற்கு ஆவணி மூல வீதி:
இல்லை தம்பி, அது சரியான வேகம்தான். பிளானில் சொல்வது மெகாபிட், பிரவுசர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் 100க்கு அதிகபட்சமே 12.5தான். மாதக் கடைசியில் மட்டும் இதுவும் குறைந்தால், பிளானின் டேட்டா அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்களா என்று கணக்கில் பாருங்கள்.