வீட்டில் பாடிப் பதிவுசெய்ய: புதிய மேக் மினியா, பழைய மடிக்கணினியா?

தஞ்சைத்_தம்புரா:

அனைவருக்கும் வணக்கம். நான் கர்நாடக இசை கற்றவள். தம்புரா சுருதியோடு பாடி, அதன்மேல் வீணையையும் சில இடங்களில் கீபோர்டையும் தனித்தனி டிராக்காகச் சேர்த்து வீட்டிலேயே பதிவுசெய்ய விரும்புகிறேன். இப்போதுள்ள கணினி பழையது. 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்டது. மைக்கை நேரடியாக அதன் துளையில் செருகி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடினால் என் குரல் எனக்கே பின்தங்கிக் கேட்கிறது. மூன்றாவது டிராக் சேர்ந்ததும் இடையிடையே படபடவென்று ஓசை வருகிறது. மைக், ஹெட்போன் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து 75,000 ரூபாய் வரை செலவிட முடியும். ஆப்பிளின் சிறு பெட்டிக் கணினியான மேக் மினியைப் புதிதாக வாங்குவதா, அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினி ஒன்றை வாங்குவதா என்று எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோடம்பாக்கம்_காது:

தயங்காமல் மேக் மினியை வாங்குங்கள். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான்: ஒலி கணினிக்குள் போய்த் திரும்பும் பாதை சரியில்லை. விண்டோஸின் இயல்பான ஒலிப்பாதையில் பல அடுக்குகள் இருப்பதால்தான் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் ஆசியோ என்ற தனி வழியை உருவாக்க வேண்டியிருந்தது. இன்றும் இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கினால், பெரும்பாலும் அதன் உற்பத்தியாளர் தரும் ஆசியோ டிரைவரை (அந்தப் பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை) நிறுவியாக வேண்டும். அந்த டிரைவர் சொதப்பினால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. மேக்கில் கோர் ஆடியோ என்ற ஒலிப்பாதை இயங்குதளத்தின் அங்கமாகவே இருப்பதால், பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களைச் செருகிய உடனே பாடத் தொடங்கிவிடலாம். எம்4 சிப் கொண்ட மேக் மினி 2024 நவம்பரில் வந்தபோது இந்தியாவில் தொடக்க விலை 59,900 ரூபாய். அந்த அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி ரேம் இருக்கிறது. காரேஜ்பேண்ட் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம். பாட உட்கார்ந்தவர்கள் டிரைவரோடு மல்லுக்கட்டிவிட்டு மைக்கைத் தொடாமலே எழுந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய_பெட்டி:

நண்பர் கணினியின் விலையைச் சொன்னார். மிச்சப் பணத்தில் எதை வாங்கிப் பாடுவது என்று சொல்லவில்லை. 75,000-இல் 59,900 போனால் கையில் நிற்பது 15,100. மேக் மினியோடு திரையும் வராது, விசைப்பலகையும் வராது. அவற்றைப் பழைய கணினியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸ், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக், ஸ்டாண்டு, ஹெட்போன் ஆகிய நான்கும் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் கடைசித் தரத்துக்கு இறங்க வேண்டியிருக்கும்.

பதிவுசெய்வது கணினிக்குப் பெரிய சுமை என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்), ஒவ்வொன்றும் 24 பிட், அதாவது 3 பைட் என்றால், ஒரு டிராக்குக்கு விநாடிக்கு 1,44,000 பைட்தான் ஆகிறது. பத்து டிராக் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஒன்றரை எம்பிக்குள் அடங்கிவிடும். சகோதரியிடம் இப்போதுள்ள ஹார்ட் டிஸ்க்கே அதைத் தாங்கும்.

குரல் பின்தங்குவதற்கும் புதுக் கணினி தேவையில்லை. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டரிங் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மைக்கில் புகுந்த ஒலி கணினிக்குள் போகாமலேயே ஹெட்போனுக்கு வந்துவிடும். ஆகவே திங்க்பேட் டி480 போன்ற, 2018 வாக்கில் வந்த அலுவலக மடிக்கணினி ஒன்றை நல்ல நிலையில் பார்த்து வாங்குங்கள். அதில் ரேமுக்கு இரண்டு இடம் இருப்பதால் வேண்டும்போது கூட்டிக்கொள்ளலாம். மேக் மினியில் வாங்கும்போது என்ன இருந்ததோ அதுதான் கடைசிவரை.

கோடம்பாக்கம்_காது:

டைரக்ட் மானிட்டரிங் பற்றி நண்பர் சொன்னது குரலுக்கும் வீணைக்கும் பொருந்தும். கீபோர்டை மறந்துவிட்டார். சகோதரி கீபோர்டைக் கணினியில் இணைத்து, கணினி மென்பொருளில் இருக்கும் வயலின் கூட்டத்தையோ புல்லாங்குழலையோ வாசிக்க விரும்பினால், அந்த ஒலி பிறப்பதே கணினிக்குள்தான். அதைச் சுற்றிவளைத்துக் கொண்டுவர எந்தப் பொத்தானும் கிடையாது. பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவை) 1,024 மாதிரிகளில் வைத்தால் அந்த ஒரு பஃபரிலேயே 21 மில்லி விநாடி போய்விடும்; விரலுக்கும் ஒலிக்கும் இடையே வழுக்கல் தெரியும். 128-க்கு இறக்கினால் 2.7 மில்லி விநாடிதான், ஆனால் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் கணினி தவறாமல் வேலையை முடித்துத் தந்தாக வேண்டும். பழைய விண்டோஸ் மடிக்கணினியில் வைஃபை டிரைவர் ஒரு கணம் வழிமறித்தாலே அந்தப் படபட ஓசை வந்துவிடுகிறது. பதிவுசெய்த ஒலிகளைக் கொண்டு கணினிக்குள் இயங்கும் இத்தகைய மாதிரிக் கருவிகள் ரேமையும் கேட்கும். 8 ஜிபியில் தொடங்குபவர் விரைவில் திணறுவார்.

கஞ்சிராக்காரர்:

இருவரும் கணினியின் உள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மைக் கேட்பது அதன் வெளியே. கண்டென்சர் மைக் இருக்கும் அறையில் மடிக்கணினி சூடேறி அதன் விசிறி உறுமத் தொடங்கினால், தம்புராவுக்கும் குரலுக்கும் நடுவே உள்ள மௌனத்தில் அது தெளிவாகப் பதிவாகும். மிருதங்கமோ தவிலோ என்றால் மூழ்கிப்போகும். ஆலாபனையில் ஒளிந்துகொள்ள இடமில்லை. இந்த ஒரு விஷயத்தில் மேக் மினி மேல், அதன் விசிறி பெரும்பாலும் காதில் விழாது. (சித்திரை வெயிலில் மேலே சுழலும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பாட வேண்டும் என்பதை இதுவரை யாரும் சொல்லவில்லை.)

ஆனால் மடிக்கணினிக்கும் ஒரு நன்மை உண்டு. எர்த் சரியில்லாத பழைய வீடுகளில், சார்ஜர் செருகியிருக்கும்போது ஹெட்போனில் ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும்; சார்ஜரைப் பிடுங்கியதும் பல நேரம் அது அப்படியே நின்றுவிடும். பேட்டரியில் ஓடும் கணினியால்தான் இது முடியும். மின்வெட்டு வந்தாலும் பாதிப் பல்லவி பறிபோகாது. மேக் மினி வாங்கினால் யுபிஎஸ்ஸுக்கும் பணம் எடுத்துவையுங்கள்.

கோடம்பாக்கம்_காது:

எர்த் சரியில்லை என்றால் மின்பணியாளரை அழைக்க வேண்டுமே தவிர, அதற்காகக் கணினியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த வீட்டில் இன்டர்ஃபேஸுக்கு மட்டுமன்றி ஆளுக்கே ஆபத்து.

பழைய_பெட்டி:

அதை மறுக்கவில்லை. கீபோர்டு பற்றிய மறுப்பிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அது 16 ஜிபி ரேமும், ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகமும் போட்ட மடிக்கணினியில் தீராத சிக்கல் இல்லை. பதிவின்போது வைஃபையை அணைத்துவிடலாம், மின்சேமிப்பு முறையை நீக்கலாம். வாசித்து முடித்த கீபோர்டு டிராக்கை ஃப்ரீஸ் செய்தால், அதாவது சாதாரண ஒலிப்பதிவாக மாற்றிவைத்தால், அந்தக் கருவியின் சுமை இறங்கிவிடும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் பார்த்துவிட்டு வாங்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர்.

பழையதை வாங்குபவர் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். முதலாவது, இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலிக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, ஏழாம் தலைமுறைக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இரண்டாவது, பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைக் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். ஒலிக்கு ஏற்ற கணினியா என்பதை அது பச்சையிலும் சிவப்பிலும் காட்டிவிடும். சிவப்பு வந்து, எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று கடைக்காரரால் சரிசெய்ய முடியாவிட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தஞ்சைத்_தம்புரா:

விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். இன்டர்ஃபேஸையும் மைக்கையும் மட்டும் முதலில் வாங்கி, இப்போதுள்ள கணினியிலேயே சில காலம் பாடிப் பார்க்கலாமா? கீபோர்டு எனக்கு உடனடித் தேவை இல்லை.

பழைய_பெட்டி:

தாராளமாகச் செய்யுங்கள். அந்தப் பெட்டியில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் மென்பொருள்கள் திறப்பதாவது வேகமாகும். நீங்கள் வாங்கும் இன்டர்ஃபேஸ் நாளை எந்தக் கணினிக்கு மாறினாலும் கூடவே வரும்.

கோடம்பாக்கம்_காது:

4 ஜிபி ரேமில் அது நல்ல அனுபவமாக இருக்காது என்பதே இப்போதும் என் கருத்து. உறவினரிடம் இதைவிடப் புதிய கணினி இருந்தால் அதில் முயன்று பாருங்கள். எப்படியானாலும், பாடும்போது டைரக்ட் மானிட்டரிங்கை இயக்கியதும் மென்பொருளுக்குள் அந்த டிராக்கின் மானிட்டர் பொத்தானை அணைத்துவிடுங்கள். இரண்டும் இயங்கினால் குரல் இரட்டையாகக் கேட்டு, சுருதி விலகுவதுபோல் தோன்றும். நேரடி ஒலி வந்துவிடுவதால் பஃபரை 512-இலோ 1,024-இலோ தாராளமாக வைத்துக்கொள்ளலாம். படபட ஓசை பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியும் அடங்கவில்லையென்றால் கணினியை மாற்றியே ஆக வேண்டும், அப்போது மேக் மினி பற்றி மீண்டும் இங்கே பேசுவோம்.