தண்ணீர் குடித்த எஞ்சின் மறுபடி ஓடுகிறது, ஆனால் நடுங்குகிறது: எங்கே பார்ப்பது?

நீலச்சாவி:

1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் கார். தேங்கிய மழைநீரில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த லாரி எழுப்பிய அலை பானெட் மேல் ஏறிய நொடியில் எஞ்சின் நின்றுவிட்டது. திணறவில்லை, இருமவில்லை, ஒரே 'டக்', அவ்வளவுதான். அதன் பிறகு சாவியைத் தொடவில்லை. கட்டி இழுத்துத்தான் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம்.

அங்கே பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றியபோது இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஏர் ஃபில்டரைப் பிழிந்தால் சொட்டியது. ஆயில், இரண்டு ஃபில்டர்கள், பிளக்குகள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐடிலிங்கில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஸ்டீயரிங் வரை நடுக்கம் வருகிறது. 2000 ஆர்பிஎம் தாண்டினால் பெரும்பாலும் தெரிவதில்லை. ஸ்கேனரில் பி0302 (இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற பிழைக் குறியீடு) காட்டுகிறது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றியும் அதே கோடு. இப்போது இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யலாம் என்கிறார்கள். "ஓடுகிற எஞ்சினைத் திறக்காதீர்கள்" என்பது அவர்களின் ஆலோசனை. இதை நம்பலாமா?

கருவிப்பெட்டி:

காற்றோட்ட சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது) நனைந்திருந்தால் ஐடிலிங் கெடும். அதற்கான கிளீனரை அடித்து, காயவைத்துப் பாருங்கள். கனெக்டர்களுக்குள்ளும் ஈரம் நிற்கும். முதலில் செலவில்லாத வேலைகளை முடித்துவிடலாமே.

பழைய பிஸ்டன்:

சென்சார் கெட்டால் நான்கு சிலிண்டரும் சேர்ந்துதான் கெடும். இங்கே கோடு இரண்டாவது சிலிண்டரை மட்டும் கை காட்டுகிறது. தண்ணீர் வந்த இரண்டில் அதுவும் ஒன்று. தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தம்பி, ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 300 சிசி. கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் அடியில் இருக்கும்போதுள்ள இடத்துக்கும் உச்சியில் மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம்) 10:1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 33 மில்லி லிட்டர்தான். அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் உச்சியைத் தொடவே முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. காரின் வேகமும் ஃபிளைவீலின் சுழற்சியும் பிஸ்டனை மேலே தள்ளுகின்றன, தண்ணீர் விட்டுக்கொடுப்பதில்லை. நடுவில் மாட்டிய கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) வளைகிறது. டீசலில் மிஞ்சும் இடம் இன்னும் குறைவு என்பதால் அங்கே சேதம் மோசமாக இருக்கும்.

ராடு வளைந்தால் எஞ்சின் ஓடாது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு மூன்று மில்லி மீட்டர் குறுகிய ராடோடு ஓடும், பல நாள்கூட ஓடும். பிறகு ஒரு நாள் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். 'ஸ்டார்ட் ஆகிவிட்டது' என்பதை நல்ல செய்தியாக நான் எடுத்துக்கொள்வதே இல்லை.

கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே, காயில் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி, கேஜ் முள் நிற்கும் வரை சுற்ற வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இல்லையென்றால் கடைசி சிலிண்டர் பாவம், குறைவாகக் காட்டி வீண்பழி ஏற்கும்.

கருவிப்பெட்டி:

சரி, சென்சாரை விட்டுவிடுகிறேன். ஆனால் கம்ப்ரஷன் குறைந்தால் ராடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தண்ணீர் நின்ற சிலிண்டரில் ரிங் (பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம்) துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு, வால்வு சரியாக மூடாமல் போவதும் உண்டு. கேஜில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பழைய பிஸ்டன்:

நியாயமான கேள்வி. அதற்குத்தான் லீக் டெஸ்ட். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பார்கள். ஆயில் மூடி வழியாக 'உஸ்' என்று வந்தால் ரிங். சைலன்சரிலோ காற்று நுழையும் குழாயிலோ வந்தால் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் (பிளாக்குக்கும் அதன் மேல் உள்ள ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு). ராடு மட்டும் வளைந்திருந்தால் கூடுதலாக எதுவும் கசியாது. அடைப்பு நன்றாகவே இருக்கும், பிஸ்டன்தான் போக வேண்டிய உயரத்துக்குப் போகாது. கம்ப்ரஷன் குறைவு, கசிவு இயல்பு: இந்த ஜோடியைப் பார்த்தால் ராடின் மேல் சந்தேகப்படுங்கள்.

நீலச்சாவி:

ஐயா, வேறொரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து எடுத்துவிட்டேன். வரிசையாக 12.5, 9.5, 12.3, 12.5 பார். இரண்டாவதில் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தபோது 9.7, பெரிதாக ஏறவில்லை. லீக் டெஸ்டில் நான்கும் 10 சதவீதத்துக்குள். எந்தப் பக்கமும் சத்தமில்லை.

பழைய பிஸ்டன்:

அப்படியானால் ரிங்கும் வால்வும் நிரபராதிகள். ரிங்கில் குறை இருந்தால் ஆயில் ஊற்றியதும் எண் நன்றாக ஏறியிருக்கும்.

மிச்சம் ஒரே ஒரு அளவு. பிளக் துளை வழியாக நேரான, மெல்லிய, முறியாத கம்பி ஒன்றை பிஸ்டன் தலையில் படும்படி இறக்குங்கள். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள், ஸ்டார்ட்டர் கூடவே கூடாது. கம்பி ஏறி ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கத் தொடங்கும். அது நின்ற உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டருக்கும் அதே கம்பி, அதே கோணம். கம்பி சாய்ந்து துளையில் சிக்கினால் உடனே நிறுத்துங்கள். டயல் கேஜ் (நுண்ணிய உயர வித்தியாசத்தைக் காட்டும் கருவி) கிடைத்தால் இன்னும் நல்லது.

கேமரா இருந்தால் பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு சிலிண்டர் சுவரின் மேல் விளிம்பைப் பாருங்கள். ரிங் எட்டாத இடத்தில் கரி படிந்து ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். ராடு குறுகிய பிறகு ஓட்டிய வண்டியில் அந்தச் சிலிண்டரில் மட்டும் பட்டை அகலமாகத் தெரியும். உங்கள் வண்டி அதிகம் ஓடவில்லை என்பதால் இது தெளிவாக இல்லாமலும் போகலாம். கம்பி அளவையே நம்புங்கள்.

நீலச்சாவி:

டயல் கேஜ் கிடைத்தது. ஒன்று, மூன்று, நான்கு கிட்டத்தட்ட சமம். இரண்டாவது 2 மில்லி மீட்டர் தாழ்வு. கேமராவில் கறுப்புப் பட்டையில் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. ஆனால் சுவரின் ஒரு பக்கம் மட்டும் நெடுக்காக மெல்லிய கீறல்கள் தெரிகின்றன.

கருவிப்பெட்டி:

73 மில்லி மீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் 2 மில்லி மீட்டர் என்றால் கூடுதலாக 8 சிசிக்கு மேல் காலியிடம். விகிதம் பத்திலிருந்து எட்டு சொச்சத்துக்கு இறங்கும். 9.5 பார் அதோடு பொருந்துகிறது. என் கட்சியை வாபஸ் வாங்குகிறேன்.

பழைய பிஸ்டன்:

வளைந்த ராடு பிஸ்டனை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளும். அந்தக் கீறல் அதனால்தான் வந்திருக்க வேண்டும். எஞ்சினைத் திறந்துதான் ஆக வேண்டும்.

திறக்கும்போது: ராடைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வளைந்த உலோகம் வளைந்த இடத்தில் பலவீனமாகிவிட்டது. புது ராடு, அந்தச் சிலிண்டருக்குப் புதுப் பிஸ்டன், பெரிய முனை பேரிங், புது ராடு போல்ட்டுகள். எடை மற்ற மூன்றோடு ஒத்துப்போகிறதா என்று தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் கீறல் நகத்தில் தட்டினால் ஹோனிங் (சுவரை லேசாகத் தேய்ப்பது) போதாது, போரிங் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) வரை போகும். ராடு பொருந்தும் கிராங்க் ஜர்னலையும் அளக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரும் தண்ணீர் குடித்ததுதானே. அதன் ராடையும் கழற்றி, நேராக இருக்கிறதா என்று சோதித்துவிட்டே மூடுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் தண்ணீர் கலந்து பால்நிறமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

நீலச்சாவி:

மிக்க நன்றி ஐயா. எஞ்சின் வேலை செய்யும் பட்டறை கொஞ்ச தூரம்தான். மெதுவாக ஓட்டிக்கொண்டே போய்விடலாமா?

பழைய பிஸ்டன்:

வேண்டாம். இப்போது ஒரு ராடு, ஒரு பிஸ்டனோடு போகும். வழியில் உடைந்தால் பிளாக்கும் சேர்ந்து போகும். ஏற்றித்தான் கொண்டுபோங்கள்.