செலோவும் கீபோர்டும்: பெறாமகளோடு வாசிக்க என்ன எடுக்கலாம்?

குளக்கட்டு:
வணக்கம். நான் முரசுமோட்டைப் பக்கம். இடம்பெயர்ந்த காலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கோயிலில் இருபது வருடமாகக் கீபோர்ட் வாசிக்கிறேன். ஜேர்மனியிலிருந்து அண்ணாவின் மகள் ஓகஸ்ட் லீவுக்கு வருகிறாள், செலோவையும் (வில்லால் வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி) தூக்கிக்கொண்டு. "சித்தப்பா, இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்பம்" என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன். பிறகு அவள் அனுப்பிய இசைத் தாளைத் திறந்தால், ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவ் செலோவுக்கும் பியானோவுக்கும் எழுதிய ஜி மைனர் சொனாட்டா, 1901. பியானோ பக்கம் எறும்புப் புற்றைக் கிளறிவிட்ட மாதிரிக் கிடக்கிறது. எனக்கு இன்னொரு சோடிக் கை வேண்டும்.

என்னிடம் இருப்பது 61 கட்டை. கேட்க வருபவர்கள் சொந்தக்காரர், பங்குச் சனம், ஒரு நாதஸ்வரக்காரர். ஒருவரும் செலோவை நேரில் பார்த்ததில்லை. அழகாகவும் இருக்க வேண்டும், என் விரலுக்கும் எட்ட வேண்டும். சொல்லுங்கோ.

வவுனியா ரீச்சர்:
தம்பி, முதலில் அந்தச் சொனாட்டாவை மூடி வையுங்கோ. எழுதியவரே பெரிய பியானோக்காரர். அதில் செலோவைவிடப் பியானோவுக்குத்தான் வேலை. பிள்ளைக்கு அவர்தான் வேண்டுமென்றால் 'வோக்கலீஸ்' இருக்கிறது. சொல்லே இல்லாமல் ஓர் உயிரெழுத்தில் பாடுவதற்கு எழுதியது. செலோவில் கேட்டால் ஆலாபனைக்குக் கிட்ட வரும், உங்கள் நாதஸ்வரக்காரர் நிமிர்ந்து உட்காருவார். உங்களுக்குப் பெரும்பாலும் மெதுவான கோட்ஸ்தான் (பல சுரத்தைச் சேர்த்து அமத்துவது).

சென்-சான்ஸின் 'அன்னம்' (1886) கட்டாயம். மூலத்தில் இரண்டு பியானோ. ஒருவருக்குச் சுருக்கிய தாள் இருக்கிறது. ஆனால் பெடல் (சுரத்தை நீட்டிப் பிடிக்கிற மிதி) இல்லாமல் தொடாதீங்கோ, வற்றின குளத்தில் அன்னம் நடந்த மாதிரி ஆகிவிடும். ஃபோரேயின் 'சிசிலியேன்' பாருங்கோ, திஸ்ர நடை பழகிய காதுக்கு உடனே பிடிக்கும்.

ஸ்காபரோ பெடியன்:
அண்ணா, ஆர்வோ பெர்ட்டின் 'ஸ்பீகல் இம் ஸ்பீகல்', 1978. வயலினுக்கு எழுதியது, செலோவுக்கும் உண்டு. பியானோ மூன்று மூன்று சுரமாகப் போய்க்கொண்டே இருக்கும். சுகம் என்று நினைக்காதீங்கோ, ஒரு சுரம் முந்தினாலும் மண்டபம் முழுக்கத் தெரியும். அடிச் சுரங்களுக்கு 88 கட்டை இரவல் வாங்குங்கோ.

இன்னொன்று: செலோவை மத்தியான வெயிலில் வானுக்குள் பூட்டிவைத்தால் பசை விட்டுவிடும். வறண்ட கச்சான் காற்றுக்குப் பிரடையும் (தந்தியை முறுக்கிற முளை) இளகும், சுருதி இறங்கும்.

வெள்ளவத்தை:
மெஸ்ஸியானின் நால்வர் இசை ஒன்று, 1941 ஜனவரியில் கெர்லிட்ஸ் போர்க்கைதி முகாமில் கைதிகளுக்கு முன்னால் முதலில் வாசிக்கப்பட்டது. அதன் ஐந்தாம் பகுதி செலோவுக்கும் பியானோவுக்கும் மட்டும். பியானோ மெல்லிய கோட்ஸைத் தட்டிக்கொண்டே போகும், பாரம் எல்லாம் செலோவுக்கு. வாசிக்கமுதல் சனத்துக்கு அந்தக் கதையையும் சொல்லலாம்.

குளக்கட்டு:
ரீச்சருக்கும் தம்பிக்கும் நன்றி. வோக்கலீஸ், சிசிலியேன், அன்னம், மூன்றும் சரி. பெர்ட்டை விட்டுவிட்டேன், அவ்வளவு நேரம் சனம் இருமாமல் இருக்காது. கிளிநொச்சியில் ஒருவர் 88 கட்டையும் பெடலும் தருகிறார். ஒரு கட்டை மட்டும் அமத்தினால் எழும்பாதாம்.

முகாம் துண்டை நேற்றிரவு இரண்டு தரம் கேட்டேன். அதையும் எடுக்கிறோம். கதை சொல்லமாட்டேன். வரப்போகிற சனத்தில் முக்கால்வாசிப் பேர் செட்டிகுளம் முகாமில் இருந்தவர்கள். பெறாமகளுக்கு மட்டும் எழுதினேன். "மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக, சித்தப்பா?" என்று கேட்கிறாள். தாளில் போட்டிருப்பது 'முடிவில்லா மெது'. அதை எந்த மெட்ரோனோமில் (வேகம் தட்டிக் காட்டுகிற கருவி) வைப்பது?

கரண்ட்டுக்கு என்ன செய்யலாம்? ஜெனரேற்றர் போட்டால் செலோ கேட்காது. பரந்தன் பக்கம் யாரிடமாவது இன்வேட்டர் இருக்கா?