காலையில் தின்ற களி மறக்கிறது, பழைய கொலுசு மறக்கவில்லை. ஏன்?

குடியாத்தத்துக்காரன்: எங்கள் ஆயாவுக்குக் காலையில் கேழ்வரகுக் களி சாப்பிட்டதே நினைவில்லை. ஆனால் கல்யாணமான வருஷம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் கொலுசு தொலைந்தது, அன்று பெய்த மழை, எல்லாம் சொல்கிறது. மூளையில் இது எங்கேதான் இருக்கிறது?

ஆரணி வாத்தியார்: புதுச் சம்பவம் பதிய மூளைக்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். 1953-ல் வலிப்புக்காக ஹென்றி மொலைசன் என்ற நோயாளிக்கு இருபுறமும் அதன் முன்பகுதியை எடுத்தார்கள். அப்புறம் நடந்தது ஏறக்குறைய எதுவும் மனதில் தங்கவில்லை. சின்ன வயசுக் கதைகள் தங்கின. பழையவை மெல்ல மூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் பரவுகின்றன என்கிறார்கள்.

குடியாத்தத்துக்காரன்: அப்போ கொலுசுக்கென்று ஒரு மூளைச் செல்லா?

காட்பாடி நர்ஸ்: ஒன்றில்லை, கூட்டம். அன்று சேர்ந்து தூண்டப்பட்ட செல்களுக்கிடையே இணைப்பு பலமாகிறது. மழை வாசனை சிலவற்றைக் கிளப்பினால் மற்றவையும் எழும். 2012-ல் விஞ்ஞானி டோனெகாவாவின் குழு சுண்டெலியில் அத்தகைய செல்களை ஒளியால் தூண்டியே பழைய பயத்தை வரவழைத்தது. அது இருக்கட்டும், ஆயாவுக்கு பி12, தைராய்டு பார்த்தீர்களா? குறைந்தாலும் மறதி வரும்.